சும்மா கிடக்கும் வெங்கிணாந்தி

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் போனால், அலுவிகாரையைத் தாண்டிச் சிறிது நேரத்தில் பலாபத்வல வந்துவிடும். மிளகு, கொக்கோ, கராம்பு, கறுவா என்று வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைந்த பாதை அது. வீடும் தோட்டமும் வயலும் பற்றைக்காடும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் இந்தப் பக்கத்து ஊர்களில், விடிய எழும்பிக் கோழிக்கூட்டைத் திறப்பவர்கள் சிலவேளை அதிர்ந்து நிற்பார்கள். ஒரு கோழி குறைந்திருக்கும். மூலையில் ஒரு பாம்பு சுருண்டிருக்கும், நடு உடம்பு பானைபோல வீங்கி. இரவு நுழைந்த இடைவெளியாலேயே வெளியே போகப் பார்த்திருக்கும், வயிறு விட்டிருக்காது. அதனால் அப்படியே கிடக்கும்.

நம் பேச்சில் இது வெங்கிணாந்தி. புத்தகத்தில் மலைப்பாம்பு. சிங்களத்தில் பிம்புரா. விஞ்ஞானப் பெயர் பைத்தன் மொலூரஸ். இலங்கையின் விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல இத்தீவின் பாம்பைத் தனி உபஇனமாகக் கருதி, ‘பிம்புரா’ என்ற சொல்லையே அதன் விஞ்ஞானப் பெயரோடு சேர்த்து வைத்தார். இன்று அதைத் தனி உபஇனமாகக் கொள்வதில்லை. ஆனாலும் ஊர்ப்பெயர் ஒன்று விஞ்ஞானத்துக்குள் போய் உட்கார்ந்தது எனக்குப் பிடித்த சங்கதி.

நஞ்சு இல்லை. ஒன்றரை மீற்றர், இரண்டு மீற்றர் நீளத்தில் ஒன்று அகப்பட்டால், பக்குவமாகத் தூக்கியவர் கையில் மெல்லச் சுற்றிக்கொண்டு அடங்கிப்போய் இருப்பதும் உண்டு. அப்போதுதான் இளைஞர் யாருக்காவது அந்த எண்ணம் வரும்: இதை வீட்டில் வளர்த்தால் என்ன?

சட்டத்தின் பதில் சுருக்கமானது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் இந்தப் பாம்பைப் பாதுகாக்கின்றன. பிடிக்கவோ கொல்லவோ வீட்டில் வைத்திருக்கவோ முடியாது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆசை அடங்காது. அந்தப் பாம்பு சும்மா கிடக்கும்போது உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அதைப் பெட்டியில் அடைக்க மனம் வராது என்று நினைக்கிறேன். ஆகவே அதைச் சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு எழும்பாமல் படுத்திருப்பவனை ‘மலைப்பாம்பு மாதிரிக் கிடக்கிறான்’ என்று ஏசுவது நம் வழக்கம். பழந்தமிழில் இதன் பெயர் மாசுணம். மலைபடுகடாத்தில், மலைவழி போகும் கூத்தர்களுக்குப் பாதையின் ஆபத்துகளைச் சொல்லிவரும் இடத்தில், விழுந்த மரம்போலக் கிடக்கும் மாசுணத்தைப் பார்த்து விலகிப் போகும்படி எச்சரிக்கை வருகிறது. அந்தப் புலவர் பாம்பைச் சரியாகக் கவனித்திருக்கிறார். அசையாமல் கிடப்பதுதான் அதன் வேட்டை. அது இரையைத் துரத்துவதில்லை. இரை போய்வரும் தடத்தின் ஓரத்தில் நாள்கணக்காகக் காத்திருக்கும்.

காத்திருக்கும்போது அதன் உதடு வேலை செய்கிறது. ஒரு வெங்கிணாந்தியின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தால் மூக்கு நுனியிலும் மேலுதட்டின் முன்பகுதியிலும் ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள் தெரியும். கீழுதட்டிலும் சில உண்டு. அவை வெப்பத்தை உணரும் உறுப்புகள். கும்மிருட்டில், கண் எதையும் காட்டாத நேரத்தில், சூடான இரத்தம் ஓடும் ஓர் எலி எந்தத் திசையில் நகர்கிறது என்பதை இந்தக் குழிகள் மூளைக்குச் சொல்லிவிடும்.

எப்படி? இந்த இடத்தில் கதை நேராகப் பலாபத்வலத் தோட்டங்களுக்கே திரும்பி வருகிறது. மிளகாய் தின்றால் வாய் ஏன் ‘எரிகிறது’ என்று தேடிப்போன அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ், நரம்பு நுனியில் வெப்பத்தையும் மிளகாய்க் காரத்தையும் ஒன்றாகவே உணரும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். 2021இல் நோபல் பரிசு அதற்காகக் கிடைத்தது. அந்தப் புரதத்தின் உறவுக்காரன் இன்னொன்று உண்டு; அதன் பெயர் டிஆர்பிஏ1. மனிதரில் அது கடுகின் நெடியையும் கறுவாவின் உறைப்பையும் உணர்த்துகிறது. 2010இல் ஜூலியஸின் குழுவினர் குழிவிரியன்களிலும் மலைப்பாம்புகளிலும் இந்த வெப்பக் குழிகளுக்குப் போகும் நரம்புகளை ஆராய்ந்தபோது, அங்கே நிறைந்திருந்தது இதே டிஆர்பிஏ1. பாம்பில் அது வெப்பத்துக்கு விழித்துக்கொள்ளும்படி மாறியிருந்தது. ஒரு துண்டுக் கறுவாப்பட்டையை மென்று பாருங்கள். நாக்கில் சுரீரென்று படும் அந்த உணர்வைத் தருவதில் பங்குள்ள அதே புரதம்தான், அந்தத் தோட்டத்து இலைச் சருகுக்குள் கிடக்கும் பாம்புக்கு இரவில் எலியைக் காட்டிக்கொடுக்கிறது.

எலி எட்டும் தூரத்துக்கு வந்ததும் எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். பின்னோக்கி வளைந்த பற்களால் கவ்வி, உடம்பைச் சுற்றி இறுக்கும். மூச்சுத் திணறியே இரை சாகிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். 2015இல் ஸ்கொட் போபக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும், மயக்கம் கொடுத்த எலிகளை போவாப் பாம்புகள் இறுக்கும்போது இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் நின்றுபோனது தெரிந்தது. இரையின் இதயத் துடிப்பைப் பாம்பு தன் உடம்பால் உணர்கிறது, துடிப்பு இருக்கும்வரை பிடியைத் தளர்த்துவதில்லை என்பதையும் அவர்கள் அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள். போவா வேறு குடும்பம் என்றாலும் இறுக்கும் தொழில் ஒன்றுதான்.

விழுங்குவதில் ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன். வாய் நிறைய இரை அடைத்துக்கொண்டு பல நிமிடம் கிடக்கும் பாம்பு எப்படி மூச்சு விடும்? மூச்சுக்குழலின் வாயைக் கீழ்த்தாடையின் ஓரமாக வெளியே நீட்டி வைத்துக்கொள்ளும். நீரில் மூழ்குபவர் வாயில் வைக்கும் குழாய்போல அது துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்ணால் காணலாம். கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் நடுவில் எலும்பால் ஒட்டவில்லை, இழுபடும் தசைநாரால்தான் இணைந்திருக்கின்றன. இடப்பக்கம் ஒரு அடி, வலப்பக்கம் ஒரு அடி என்று தாடை மாறிமாறி இரைமேல் நடந்துபோகிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிய வேலை. வெளியே பார்த்தால் பாம்பு உறங்குகிறது. உள்ளே ஒரு தொழிற்சாலை எழும்புகிறது. கிழமைக்கணக்காகப் பட்டினி கிடந்த மலைப்பாம்பின் குடல் சுருங்கியிருக்கும், இரைப்பையில் அமிலம் இராது. பயன்படாத உறுப்பை ஓட்டிக்கொண்டிருக்க அது சக்தியை வீணாக்குவதில்லை. இரை உள்ளே போனதும் எல்லாம் மாறும். ஸ்டீவன் சீகோர், ஜாரெட் டயமண்ட் ஆகிய இருவரும் 1990களில் பர்மிய மலைப்பாம்பில் செய்த அளவீடுகள் இன்றும் படிக்கும்போது மலைப்பூட்டுகின்றன. ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஈரலும் சிறுநீரகமும் பெருக்கின்றன. இரைப்பையில் எலும்பையும் கரைக்கும் அமிலம் ஊறுகிறது. மிகப் பெரிய இரை என்றால் உடல் ஒட்சிசனைச் செலவிடும் வேகம் ஓய்வு நிலையைப்போல 40 மடங்குக்கும் மேலே போகிறது. முழுப் பாய்ச்சலில் ஓடும் பந்தயக் குதிரையின் உடல்தான் அப்படி எரியும். குதிரைக்கு அது சில நிமிடம். பாம்புக்கு நாள்கணக்கு, அதுவும் படுத்த படுக்கையில்.

இதயமும் வளர்கிறது. 48 மணித்தியாலத்துக்குள் இதயக் கீழறையின் எடை 40 வீதம் கூடியதாக 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னால் செய்த சில சோதனைகளில் இவ்வளவு வளர்ச்சி காணப்படவில்லை. எந்த நிலைமையில் வளர்கிறது என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் லெஸ்லி லைன்வாண்டும் சக ஆய்வாளர்களும் 2011இல் இன்னொன்றைக் காட்டினார்கள். இரை உண்ட பாம்பின் இரத்தத்தில் பெருகும் மூன்று கொழுப்பமிலங்களின் கலவையைச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது, சுண்டெலியின் இதயமும் ஆரோக்கியமான முறையில் வளர்ந்தது. நோயால் வீங்கும் இதயத்துக்கும் உடற்பயிற்சியால் வலுப்பெறும் இதயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மருத்துவர்கள் இன்று ஒரு பாம்பிடமிருந்தும் படிக்கிறார்கள். வேலை முடிந்ததும் எல்லா உறுப்பும் பழையபடி சுருங்கிவிடும். மயிரும் இறகும் மட்டும் கரையாமல் வெளியே வரும்.

கோழிக்கூட்டின் மூலையில் கிடந்ததே, அந்தப் பாம்புக்குள் இவ்வளவும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் தடியால் குத்தினாலோ தூக்கினாலோ உண்டதைக் கக்கிவிட்டு ஓடப் பார்க்கும். குளிர்ந்த இடத்தில் அடைத்தாலும் செரிமானம் நின்று, உள்ளே இரை அழுகத் தொடங்கும். அதன் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. வெயிலிலிருந்தும் சுடுமண்ணிலிருந்தும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த விதியை அது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மீறுகிறது. தாயாகும்போது.

லமார்-பிகோ என்ற பிரெஞ்சுப் பயணி, இந்தியாவில் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தன் உடற்சூட்டால் அடைகாப்பதாக 1830களில் பாரிசில் அறிவித்தார். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் நம்ப மறுத்தது. குளிர் இரத்தப் பிராணி எங்கிருந்து சூட்டைக் கொண்டுவரும்? 1841இல் பாரிசிலேயே மிருகக்காட்சிசாலையில் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வலன்சியேன் என்ற விலங்கியலாளர் சுருளுக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிடச் சுருள் சூடாக இருந்தது. 1966இல் நியூயோர்க்கில் ஒட்சிசன் அளவையும் சேர்த்து அளந்தபோது காரணம் தெளிவானது: தாய்ப்பாம்பு தன் தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கவைக்கிறது. குளிரில் நமக்கு உடம்பு நடுங்குமே, அதுதான். காற்று குளிரக் குளிரத் துடிப்பும் கூடுகிறது. ஏறக்குறைய இரண்டு மாதம், பெரும்பாலும் உணவின்றி, தன் உடம்பை உருக்கி முட்டைகளுக்குச் சூடு கொடுக்கிறது. குஞ்சு பொரித்தபின் அது போய்விடும். அரை மீற்றர் அளவே இருக்கும் குஞ்சுகள் முதல் நாளிலிருந்தே தம் பாட்டைத் தாமே பார்க்க வேண்டும்.

இந்தப் பாம்பின் காட்டு வாழ்க்கையை நமக்கு அறியத்தந்தவர்களில் ஒருவர் தமிழர் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கோயம்புத்தூர் ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி மையத்தில் பணிபுரிந்த சு. பூபதி, ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மலைப்பாம்புகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார். அங்கே அவை முள்ளம்பன்றி வளைகளில் குடியிருக்கின்றன, முள்ளம்பன்றியும் கூடவே இருக்க. பனிக்காலப் பகலில் வளைவாயிலில் வந்து வெயில் காய்ந்து, வெயில் தாழ உள்ளே போகின்றன. 2014இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் பூபதி இறந்தார். 2017இல் விவரிக்கப்பட்ட ஓர் ஊதா நிறத் தவளைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சரி, உலகில் மலைப்பாம்பை வளர்ப்பவர்கள் இல்லையா? இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வைத்திருப்பது மேற்கு ஆபிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பெனின் நாட்டின் உய்தா நகரில் அதற்குக் கோயிலே உண்டு. நாம் புற்றுக்குப் பால் வார்ப்பதுபோல அங்கே அதைத் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். அதே பெனின், டோகோ, கானா நாடுகளிலிருந்துதான் வளர்ப்புச் சந்தைக்கு அது பெருமளவில் போயிருக்கிறது. சென்னை, திருச்சி விமானநிலையங்களிலும் பயணப்பைக்குள் மலைப்பாம்புகள் அகப்படுகின்றன. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பையில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. துளையிட்ட டப்பாக்களில் அடைக்கப்பட்டு.

வளர்ப்பவர்கள் பலர் அக்கறையுள்ளவர்கள்தான். சூடான மூலை ஒன்று, குளிர்ந்த மூலை ஒன்று, ஒளிந்துகொள்ள ஒரு குகை, உடம்பு நனைக்கத் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் பார்த்துப் பார்த்து அமைப்பார்கள். உயிருள்ள எலியைப் போட்டால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும் என்பதால் கொன்ற எலியைத்தான் கொடுப்பார்கள். ஆனால் பாம்பின் ஆயுளைக் கணக்கில் எடுப்பவர் குறைவு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் ஒரு பந்து மலைப்பாம்பு 2020இல் முட்டையிட்டது. அதற்கு வயது 62க்குக் குறையாது. இரண்டு தசாப்தத்துக்கு மேல் அது ஆண் பாம்பைக் கண்டதே இல்லை. பத்து வயதில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டு வாங்கும் பாம்பு, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தபிறகும் அதே பெட்டிக்குள் இருக்கலாம்.

அலுத்துப்போனவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு புளோரிடா சாட்சி. நம் வெங்கிணாந்தியின் நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பு அங்கே வளர்ப்புப் பிராணியாகப் போனது. 2009வரை இரண்டையும் ஒரே இனம் என்றே கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் அடங்காமல் வளர்ந்ததும் சிலர் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சூறாவளியில் உடைந்த பண்ணையிலிருந்தும் தப்பியிருக்கலாம் என்கிறார்கள். அவை அங்கே பெருகின. 2012இல் வெளிவந்த ஆய்வின்படி, மலைப்பாம்பு நீண்டகாலம் நிலைத்த பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 வீதம் குறைந்துபோயிருந்தது.

அவற்றைப் பிடிக்க வழி தெரியாமல் 2017 ஜனவரியில் புளோரிடா அரசு தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தது: இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால். கையில் இரும்புக் கம்பி, கண்ணில் பரம்பரை அறிவு. புல் மடிந்த விதம், மண்ணில் இழுபட்ட தடம், காய்ந்த எச்சம் என்று பார்த்துப் பார்த்துப் போய், இரண்டு கிழமைக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளமொன்றுக்குள் ஒளிந்திருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மற்றவர்கள் ஆசைக்கு வாங்கி அலுத்து விட்ட பாம்புகளை, பாம்போடு பாம்பாக வாழ்ந்த மனிதர்கள் கடல்கடந்து போய்ப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது.

‘என் பாம்புக்கு என்னைத் தெரியும்’ என்று சொல்பவர்களை நான் மறுத்துப் பேசுவதில்லை. ஓர் ஆளின் வாசனைக்கும் கைபடும் விதத்துக்கும் அது பழகிவிடும், உண்மைதான். ஆனால் தோளில் ஏறிச் சுற்றிக்கொள்வதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் உடம்பு 37 பாகை சூடு. தோள் ஒரு நல்ல கிளை. அது வேண்டுவது அவ்வளவுதான். அதைத் தருவதற்குப் பலாபத்வலத் தோட்டத்தில் வெயில் விழும் பாறை ஒன்று போதும்.

இன்னொரு விடயம், இது உயிரோடு சம்பந்தப்பட்டது. வெங்கிணாந்திக் குஞ்சு என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். விரியன் என்று நினைத்து வெங்கிணாந்திக் குஞ்சை அடித்துக் கொல்பவர்கள் அதைவிட அதிகம். விரியனின் முதுகில் கரு விளிம்பிட்ட நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல ஒழுங்காக வரிசை கட்டியிருக்கும். வெங்கிணாந்தியின் திட்டுகள் பெரியவை, ஒழுங்கற்றவை, வரைபடத்தில் தீவுகள் வரைந்ததுபோல இருக்கும். தலைமேல் ஈட்டிமுனைபோல ஓர் அடையாளம் தெரியும். ஐயம் இருந்தால் கிட்டப் போகவே வேண்டாம்.

கோழிக்கூட்டில் அதைக் கண்டால் அடிக்காதீர்கள். நாய்களைக் கட்டிவையுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். பாம்பு போனபின் கூட்டின் அடிப்பலகை இடைவெளியை அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். கோழி தப்பும். பாம்பு தோட்டத்து எலியைத் தேடிப் போகும்.